ஓடோமாஸ் க்ரீம்: பட்டாணி அளவு போதாது

ஐப்பசி மழை பிடித்ததும் மருந்துக்கடை, மளிகைக்கடை இரண்டிலும் கல்லாப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும் கொசு விரட்டி ட்யூப் இது. பல்சாரா நிறுவனம் கொண்டுவந்த பொருள். 2005 முதல் டாபர் கையில். பேர் தெரியாத வீடு இல்லை. "பூசியும் கடிக்குது" என்ற புகாரும் கூடவே உண்டு. அந்தப் புகாரில் பாதிக்கு மேல் காரணம் பூசுகிற அளவும் பூசுகிற நேரமும்தான்.

இதில் வேலை செய்கிற மருந்து என்,என்-டைஎத்தில் பென்சமைடு, எடையில் 12 சதவீதம். உலகம் முழுக்கப் புழங்கும் டீட் என்ற மருந்துக்கு நெருங்கிய உறவு; டீட் மூலக்கூறில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுமே கொசுவைக் கொல்லாது. தோலின் மேல் மெல்ல ஆவியாகி, கொசு நம் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவதைக் கெடுக்கும். அந்த ஆவி தோலை ஒட்டிச் சில சென்டிமீட்டர் தூரம் வரைதான். அதனால் முழங்கையில் பூசிவிட்டுக் கணுக்காலை விட்டால் கொசு நேராகக் கணுக்காலுக்குப் போகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தாழப் பறந்து காலைத்தான் அதிகம் தேடும். பெரும்பாலானோர் பூச மறக்கிற இடமும் அதுவே: கணுக்காலின் பின்புறம், செருப்பு வாருக்கு இடையில் தெரியும் பாதம், காதின் பின்புறம், பின்கழுத்து.

அளவுக்கு வருவோம். பட்டாணி அளவு எடுத்து இரண்டு கைக்கும் இழுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது போதவே போதாது. தோல் மருத்துவர்கள் களிம்புக்குச் சொல்லும் கணக்கு இங்கே அப்படியே உதவும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரே கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்குச் சரியாக இருக்கும். அரைக்கைச் சட்டை, முழுக் கால்சட்டை போட்டவருக்கு முழங்கைக்குக் கீழே ஒரு கைக்கு இரண்டு கோடு, ஒரு பாதத்துக்குக் கணுக்காலோடு இரண்டு கோடு, கழுத்துக்கும் காதுக்கும் ஒரு கோடு. மொத்தம் ஒன்பது கோடு, சுமார் நாலரை கிராம். 50 கிராம் ட்யூப் ஒருவருக்குப் பதினோரு தடவைதான் வரும். நான்கு பேர் வீட்டில் அதே ட்யூப் ஒரு மாதம் ஓடுகிறதென்றால் யாருக்குமே போதிய அளவு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இது ட்யூப்பைத் தீர்க்கச் சொல்லும் கணக்கு என்று தோன்றலாம். கொசு விரட்டிகளை ஆய்வகத்தில் சோதிக்கும்போது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுமார் 600 சதுர சென்டிமீட்டர் தோலில் ஒரு மில்லி மருந்துக் கரைசலைப் பூசித்தான் பார்ப்பார்கள். விரல்கோட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட அதே அளவில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் அப்பினால் பலன் கூடாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

நேரம் இன்னொரு கோளாறு. ராத்திரி ஏழு மணிக்குக் கொசு லிக்விட் மெஷினைப் போட்டுவிட்டால் டெங்குவுக்கும் சேர்த்துக் காவல் என்று நினைக்கிற வீடுகள் ஏராளம். இரவில் காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ். ஏடிஸ் பகலில் கடிக்கும். விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதன் சுறுசுறுப்பு உச்சத்தில் இருக்கும். க்ரீம் தேவைப்படுவது பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் காலையில், சாயங்காலம் விளையாடப் போகும் முன்னால். படுக்கும்போது பூசுவதைவிடக் கொசுவலை கட்டுவது எவ்வளவோ மேல்.

நம் வெயிலும் வியர்வையும் க்ரீமை அரித்துவிடும். ஏசி அறையில் பல மணி நேரம் நிற்கிற பூச்சு, சென்னைப் புழுக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் அவ்வளவு நேரம் தாங்காது. துண்டால் துடைத்தாலும், மழையில் நனைந்தாலும் மறுபடி பூச வேண்டியதுதான். சன்ஸ்க்ரீன் போடுகிறவர்கள் அதை முதலில் பூசிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதன் மேல் இதைப் பூசலாம். வரிசை மாறினால் விரட்டி அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கிச் சொல்ல முடியாத சில உண்டு. முகத்தில் நேராகப் பிதுக்கக் கூடாது. உள்ளங்கையில் எடுத்துக் கண், வாய் ஓரத்தை விட்டுத் தடவ வேண்டும். வெட்டுக்காயம், சொறிந்து புண்ணான இடம், அப்போதுதான் ஷேவ் செய்த தாடை, இவற்றில் பூசினால் எரியும். துணிக்கு உள்ளே மூடியிருக்கும் தோலில் பூசவே வேண்டாம். அங்கே ஆவியாக வழியில்லாமல் தோலோடு ஒட்டிக் கிடக்கும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள், ஆகவே பூசி முடித்ததும் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆகவேண்டும். குழந்தைக்குப் பெரியவர்தான் பூசிவிட வேண்டும். குழந்தையின் உள்ளங்கையிலும் விரலிலும் பூசக் கூடாது, அந்தக் கை அடுத்த நிமிடம் வாய்க்கோ கண்ணுக்கோ போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக்குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், தொட்டிலுக்கு வலை போதும். அதற்கு மேல் எந்த வயதிலிருந்து பூசலாம் என்பதை அட்டையில் பார்த்து வாங்குங்கள். முதல் தடவையென்றால் முழங்கை உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வீடு திரும்பியதும் சோப்பால் கழுவிவிடுவது தினமும் பூசுகிறவர்களுக்குக் கட்டாயம். கழுவாமல் மேலே மேலே பூசிக்கொண்டே போவதில்தான் அரிப்பும் தடிப்பும் தொடங்கும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? 20 முதல் 30 சதவீத டீட், பிக்காரிடின் என்ற இன்னொரு விரட்டி மருந்து 20 சதவீதம் உள்ள ஸ்ப்ரேக்கள் உலக அளவில் அதிகம் சோதிக்கப்பட்டவை. தோட்ட வேலை, மலைப்பகுதிப் பயணம் என்று நாள் முழுக்க வெளியில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு அவற்றுக்கே. டீட் மட்டும் கண்ணாடி ஃப்ரேம், வாட்ச் போன்ற பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பிக்காரிடின் கரைக்காது. சிட்ரோனெல்லா, யூகலிப்டஸ் எண்ணெய் கலந்த ரோல்-ஆன் துணியில் புள்ளி வைப்பதற்கானது, தோலுக்கு அல்ல. எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் க்ரீமுக்குத் துணையாக வைக்கலாம், மாற்றாக முடியாது. கையில் கட்டும் கொசு பேண்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மணிக்கட்டில் இருக்கும் வாசனை கணுக்காலைக் காக்காது.

லிக்விட் மெஷின் நல்ல பொருள்தான், அறைக்குள் மட்டும். படுக்க அரை மணி முன்னால் கதவைச் சாத்திப் போட்டு, பிறகு ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். தரையில் படுத்துக்கிடக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பாட்டில் சாய்ந்து ஒழுகும். எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். காலி பாட்டிலில் கற்பூரமும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஓட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம், சூடான பொருளுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைப்பது தீ வைப்பதற்குச் சமம். மீன் தொட்டி இருக்கும் அறையில் போடாதீர்கள், அந்தத் திரவத்தில் இருக்கும் பைரித்ராய்டு வகைக் கொசு மருந்து மீனுக்கு விஷம். குழந்தை அந்த திரவத்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் வாந்தியோடு நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொசுவர்த்திச் சுருள் மூடிய அறைக்கு ஆகாது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று கண்டார்கள். பதிவு எண் இல்லாமல் விற்கும் கொசு ஊதுபத்தியில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதே தெரியாது, தொடவே வேண்டாம்.

மொத்தத்தில் ஓடோமாஸுக்கு ஐந்துக்கு நாலு. கிராமத்து மளிகைக்கடை வரைக்கும் கிடைக்கிறது, சிறு ட்யூப்பிலும் வருகிறது, சரியான அளவில் பூசினால் பகல்நேரக் கடியைக் குறைக்கிறது. ஒரு மதிப்பெண் குறைத்தது பிசுபிசுப்புக்கும், வியர்வையில் சீக்கிரம் போய்விடுவதற்கும். தினமும் பூசும் குடும்பம் என்றால் 100 கிராம் ட்யூப்பே கட்டுபடி ஆகும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை ஃப்ரிட்ஜ் பின்புறத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை இவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை தண்ணீரைக் கொட்டினாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும், தேய்த்தால்தான் போகும்.