லீவில் வந்து முதல் வீடு வாங்கிய திருச்சி அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து முதல் வீடு வாங்க நினைக்கிறவர்களுக்குச் சொல்ல வருவது இதுதான்: வீட்டை ஊருக்கு வந்து பாருங்கள், பத்திரத்தை விமானம் ஏறும் முன்பே பார்க்கத் தொடங்கிவிடுங்கள். லீவு முழுக்க வீடு பார்த்து அலைந்துவிட்டு, கடைசி வாரத்தில் காகிதங்களைப் புரட்டுகிறவர்களைத்தான் புரோக்கர்களும் விற்பவர்களும் எளிதாக அவசரப்படுத்துகிறார்கள்.

நாங்கள் பார்த்தது கே.கே. நகர் பக்கம், கைமாறி வரும் பழைய ஃபிளாட். சர்வே எண்ணும் பழைய பத்திர எண்ணும் வாட்ஸ்அப்பில் வாங்கி, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் பட்டியல்), இ-சேவைகள் தளத்தில் பட்டாவும் சிங்கப்பூரிலேயே எடுத்துப் பார்த்துவிட்டோம். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஊரில் ஆள் பிடித்து அலையவிட வேண்டியிருந்ததை நினைத்தால், இந்த ஆன்லைன் வசதியை மனதாரப் பாராட்டத்தான் வேண்டும்.

வில்லங்கத்தில்தான் விஷயம் தெரிந்தது. விற்பவர் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் அடமானமாகப் பதிவாகியிருந்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்று வங்கிக் கடிதமும் காட்டினார், உண்மையிலேயே முடிந்துதான் இருந்தது, ஆனால் கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் பதிவு செய்யவில்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார், முதல்ல அட்வான்ஸ் போடுங்க" என்றார் புரோக்கர். எங்கள் வக்கீல் அசைந்து கொடுக்கவே இல்லை: ரசீது பதிவாகி வில்லங்கத்தில் ஏறிய பிறகுதான் ஒரு ரூபாய் கொடுக்கலாம் என்றுவிட்டார். அந்த வக்கீலுக்குக் கொடுத்த ஃபீஸ்தான் இந்த மொத்தச் செலவிலும் உருப்படியான செலவு. நமக்கு வீட்டுக் கடன் தரும் வங்கியும் தன் பங்குக்கு ஒரு வக்கீலை வைத்துப் பார்க்கும்தான், ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. பிரிபடாத பங்கு (கட்டடம் நிற்கும் நிலத்தில் நம் ஃபிளாட்டுக்கு உள்ள பங்கு) எத்தனை சதுர அடி, மொட்டை மாடியில் யாருக்கு என்ன உரிமை, கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதையெல்லாம் நமக்காகப் பார்க்க நம் ஆள் வேண்டும்.

பணக் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் தரும். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 5.4 லட்சம், இது கடனில் வராது. ஆக, கையில் குறைந்தது 17.4 லட்சம் இருக்க வேண்டும், வக்கீல், புரோக்கர் செலவு தனி. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் பிடித்து வருமான வரியாக நாம்தான் கட்ட வேண்டும். விற்பவரும் வெளிநாட்டில் இருக்கிறவர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் நகராதீர்கள். பணம் முழுக்க வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வழியாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோதான் போக வேண்டும், டாலராகக் கையில் கொடுக்கக் கூடாது.

எங்களுக்குக் கடன் கொடுத்த வங்கிதான் பாடாய்ப் படுத்தியது. ஒரே சம்பள ரசீதை ஒவ்வொரு மேஜையிலும் புதிதாகக் கேட்டார்கள், அனுப்பிய மெயிலை யாரும் திறந்ததாகவே தெரியவில்லை. தினமும் நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. சரி, லீவுக்குள் பதிவு முடியாமல் போனால் என்ன செய்வது என்று, கிளம்பும் முன்பே சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹை கமிஷனில் என் பெரியப்பா மகன் பேருக்குப் பவர் (நமக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வைத்திருந்தோம். இந்த ஒரு வீட்டை என் பேருக்கு வாங்கிப் பதிவு செய்ய மட்டும் அதிகாரம் தரும் பவர் அது. விற்கும் உரிமையோடு பொதுப் பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வேண்டாம், பின்னால் உறவும் கெட்டுப்போகும். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும், அதை மறக்காதீர்கள்.

நல்லவேளை, பவரைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆன்லைனில் எடுத்த டோக்கன் நேரத்துக்கே கூப்பிட்டார்கள், போட்டோ, கைரேகை, சாட்சிகள் கையெழுத்து என்று வேலை சீராக முடிந்தது. கரண்ட் இணைப்பையும் வீட்டு வரியையும் எங்கள் பேருக்கு மாற்றுவது மட்டும் பாக்கி, அதற்கான நகல்களை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.