ஸ்பானிங் ட்ரீ: போர்ட் தெரிவை அதன் பாட்டுக்கு விட்டால் என்ன நடக்கும்

மாடிக்கொரு சுவிட்ச், சேர்வர் அறையில் ஒரு கோர் (மையச் சுவிட்ச்), அவசரத்துக்கு யூனிட்டி பிளாசாவில் வாங்கிச் செருகிய இன்னொன்று. கொழும்பு அலுவலகங்களில் நெட்வேர்க் வளர்வது இப்படித்தான். சுவிட்ச்களுக்கு இடையில் ட்ராஃபிக் சுற்றிச் சுற்றி ஓடாமல், மேலதிகப் பாதைகளை அடைத்து வைப்பது ஸ்பானிங் ட்ரீ. அப்படிப்பட்ட இடங்களில் வருடக்கணக்காக அதன் வேகமான வடிவமான ரேபிட் ஸ்பானிங் ட்ரீ ஓடியதைப் பார்த்த பிறகு சொல்கிறோம்: தாராளமாக நம்பலாம், ஆனால் ரூட், அதாவது எல்லாப் பாதைகளும் எந்தச் சுவிட்சை வைத்துக் கணக்கிடப்படுகின்றனவோ அது, எது என்பதை அதன் முடிவுக்கு விடக்கூடாது.

ஒன்றும் மாற்றாமல் மாட்டினால் எல்லாச் சுவிட்சுக்கும் முன்னுரிமை 32768, ரூட் தெரிவில் சிறிய எண்ணே வெல்லும். அது சமமாக இருந்தால் சிறிய மெக் முகவரி (சுவிட்சிலேயே பதிந்து வரும் அடையாள எண்) வெல்லும். ஒரே தயாரிப்பாளருடையவற்றில் சிறிய மெக் பெரும்பாலும் பழைய சுவிட்சில்தான் இருக்கும். விளைவு, மூலையில் கிடக்கும் 100 மெகாபிட் சுவிட்ச் ரூட் ஆகி, மாடிகளுக்கு இடையிலான ட்ராஃபிக் அதற்குள்ளால் போக நேரலாம். கோருக்கு 4096, துணைக்கு 8192 கொடுங்கள். விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி நெட்வேர்க்) 10இல் 4106 என்று காட்டுவது பிழையல்ல, விலான் எண்ணும் சேர்ந்தே வரும். ரூட்டுக்கு யூபிஎஸ் கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் போகும்போது புதிய ரூட்டுக்கு ஒரு தேர்தல், ஜெனரேட்டர் பிடித்து அது பூட் ஆனதும் இன்னொரு தேர்தல். பழைய ஸ்பானிங் ட்ரீயான 802.1டி என்றால் ஒவ்வொன்றுக்கும் 30 முதல் 50 செக்கன் வரை போகும்.

பலர் மணிக்கணக்காக முட்டிக்கொள்ளும் இடம் ரூட் போர்ட், அதாவது ஒரு சுவிட்ச் ரூட்டை நோக்கிப் போகத் தெரிவு செய்யும் போர்ட். முதலில் ரூட் வரையான மொத்த காஸ்ட் (இணைப்பு வேகமாக இருந்தால் குறையும் எண்) பார்க்கப்படும், குறைந்ததே வெல்லும். சமமானால் அனுப்பும் சுவிட்சின் ஐடி, அதுவும் சமமானால் அனுப்பும் போர்ட்டின் ஐடி. கோரின் 1ஆம் போர்ட் மாடிச் சுவிட்சின் 24க்கும், கோரின் 2 மாடியின் 23க்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிகாபிட். மாடிச் சுவிட்ச் 24ஐத்தான் எடுக்கும், 23 அடைபடும். மாடியில் போர்ட் முன்னுரிமையை எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை. 23ஐ எடுக்கவைக்க, கோரின் 2ஆம் போர்ட்டில் முன்னுரிமை 128ஐ 112 ஆக்குங்கள், 16இன் மடங்குகள் மட்டுமே செல்லும். மாடியிலேயே செய்ய வேண்டுமென்றால் 23இன் காஸ்ட்டைக் குறைக்க வேண்டும்.

வெவ்வேறு பிராண்ட் கலந்தால் காஸ்ட் முறையைக் கட்டாயம் சரிபாருங்கள். குறுகிய முறையில் 100 மெகாபிட் 19, கிகாபிட் 4. நீண்ட முறையில் கிகாபிட் 20000, 10 கிகாபிட்டே 2000. முறை கலந்துவிட்டால் 2000 காட்டும் 10 கிகாபிட் பாதையைத் தள்ளிவிட்டு, 19 காட்டும் 100 மெகாபிட் பாதையை எடுக்கும். எல்லாவற்றையும் நீண்ட முறைக்கு மாற்றிவிடுங்கள், வேலை நேரத்தில் அல்ல.

மேசைப் போர்ட்களுக்கு போர்ட்ஃபாஸ்ட்டும் (காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறப்பது) பிபிடியூ கார்டும் (ஸ்பானிங் ட்ரீ செய்தியான பிபிடியூ வந்தால் போர்ட்டை மூடுவது) போதுமென்று விடாதீர்கள். மேசைக்கடியில் வைக்கும் சில மலிவுச் சுவிட்ச்கள் பிபிடியூவைக் கடத்தாமல் விழுங்கிவிடும். ஒரே கேபிளின் இரு முனையும் அதில் செருகப்பட்டால் கார்டுக்கு ஒன்றும் தெரியாது, பிரோட்காஸ்ட் மட்டும் பெருக்கெடுத்து வரும். அந்தப் போர்ட்களில், அளவுமீறிய பிரோட்காஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்டோர்ம் கன்ட்ரோலும் போடுங்கள்.