லாண்ட் ரோவர் மட்காட் வாங்கி 185,000 ரூபா போன கதை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம் நடந்தது. இன்னும் கை நடுங்குகிறது, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. 185,000 ரூபா. ஒரு வருஷமாகச் சேர்த்த காசு.

வண்டி அப்பாவுடையது. 1966 ஆம் ஆண்டு சீரீஸ் 2ஏ மாடல், முன் பின் சக்கர இடைவெளி 88 அங்குலம், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே கிடந்தது. 2004 சுனாமித் தண்ணீர் அதன் டயர் மூழ்குமட்டும் வந்து போனது. அந்த உப்பு சேஸியையும் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற இரும்புச் சுவரையும் தின்றுவிட்டது, ஆனால் மேல் பாடி மட்டும் அப்படியே இருந்தது. காரணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் இரும்புத் தட்டுப்பாடு, அதனால் 1948இல் லாண்ட் ரோவர் வெளிவந்தபோதே பாடியை அலுமினியக் கலவையில்தான் செய்தார்கள். திருகோணமலை மாதிரி உப்புக்காற்று ஊரில் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எங்கள் வீட்டு இரும்புக் கேற்றைப் பார்த்தால் விளங்கும், அது மூன்றாவது கேற்.

முன் சக்கரங்களுக்கு மேலே வருகிற மட்காட் இரண்டும்தான் பிரச்சினை. ஒன்று எப்போதோ மாட்டில் மோதி நசுங்கியது, மற்றதை முந்தி யாரோ ஒரு புண்ணியவான் வெட்டி ஒட்டியிருந்தான். பொனட்டும் சரியில்லை. கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை போய்க் கையால் தட்டிப் பார்த்து வாங்கியிருக்கலாம். போகவில்லை. லீவு இல்லை, சோம்பல், அத்தோடு போனில் எல்லாம் கிடைக்கிற காலம்தானே என்ற நினைப்பு. ஆட்கள் பழைய சாமான் விளம்பரம் போடுகிற ஒரு இணையத்தளத்தில் தேடினேன். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு வழக்கு வரும். பழைய ஜீப் பாகங்கள் விற்கும் கடை என்று போட்டிருந்த ஒருவர், இரண்டு மட்காட்டும் பொனட்டும் சேர்த்து 185,000 என்றார்.

நான் ஒன்றும் தெரியாதவனாகப் போகவில்லை. "அண்ணை, என்ர வண்டி பழசு, ஹெட்லைட் நடுவில கிறிலோட இருக்கிற மாடல், மட்காட்டில லைட் ஓட்டை இருக்கக்கூடாது" என்று தெளிவாகச் சொன்னேன். லைட்டை மட்காட்டுக்குத் தள்ளி வைத்தது 1960களின் கடைசியில்தான், பிறகு 1971இல் வந்த சீரீஸ் 3இலும் அங்கேதான். அவர் சிரித்தார். "தம்பி, எனக்குச் சொல்லித் தாறீரோ? நான் இந்தச் சாமானுக்குள்ளேயே நரைச்ச ஆள்" என்றார். பத்து நிமிஷத்தில் ஒரு வீடியோ வந்தது. ஒரு மட்காட், அதன்மேல் ஒரு காந்தத்தை வைக்கிறார், அது வழுக்கிக் கீழே விழுகிறது. திரும்ப வைக்கிறார், திரும்ப விழுகிறது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதுதானே. அந்த வீடியோவை நான் மனுசிக்கும் காட்டினேன். அவ "அப்ப சரி" என்றா. அவ்வளவுதான், நான் விழுந்தேன். 100,000 முற்பணம் போட்டேன். மிச்சம் சாமானைக் கண்ணால் பார்த்த பிறகு போடலாம் என்று அவரே சொன்னார். அவரே! இதைவிட ஒரு மனுசன் எப்படி நம்பிக்கை தரமுடியும்?

லொறி வந்தது. சாக்கும் காட்போட்டும் சுற்றி, கயிறு போட்டு இறுக்கியிருந்தது. டிரைவர் மூதூருக்குப் போகவேணும் என்று நின்ற நிலையில் ஹோர்ன் அடிக்கிறார். மேலே இருந்தது பொனட். முன் பக்கத்தைப் பிரித்துத் தட்டினேன், அலுமினியத்தின் அந்த மொக்கைச் சத்தம், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே போனை எடுத்து மிச்சம் 85,000ஐப் போட்டேன். கீழே இருந்த இரண்டையும் பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்று என்னை நானே நேற்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மட்காட் இரண்டும் சாம்பல் பிரைமர் அடித்து வடிவாக இருந்தன. வண்டி வேலை செய்கிற எங்கள் பாஸ் வயதான ஆள், அவசரப்படமாட்டார். போல்ட் எல்லாவற்றையும் அரைகுறையாக மாட்டி, இடைவெளி பார்த்துப் பார்த்துத்தான் இறுக்குவார். மூன்று நாள் முயற்சித்தார். ஒரு பக்க ஓட்டை பொருந்தினால் மற்றப் பக்கம் ஒரு விரல் தள்ளி நிற்கிறது. நேற்று முன் பக்கத்தை விரலால் தட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். "தம்பி, இதுக்குள்ள வட்டமா என்னவோ இருக்கு." ஸ்குரூ டிரைவர் நுனியால் சுரண்டினார். பள்ளம் நிரப்பப் பூசுகிற பட்டி, பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது, கட்டை விரல் தடிப்பு. உள்ளே ஹெட்லைட் ஓட்டை. அதன்மேல் வட்டமாக வெட்டிய தகரம், வெல்டிங் புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி. நட்டுப் பொறுக்க வைத்திருக்கிற பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மட்காட்டின் பக்கவாட்டில் வைத்தார். டக். கழற்ற இரண்டு கை தேவைப்பட்டது.

முழுக்க இரும்புத் தகரம், யாரோ சீரீஸ் 3 அளவுக்கு அடித்தது. இதைப் பூட்டினால் துருப்பிடிப்பது மட்டும் இல்லை. இந்த உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் முட்டுகிற இடமெல்லாம் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும், அப்பாவின் நல்ல பாடியையும் சேர்த்துத் தின்னும். பொனட் அலுமினியம்தான், ஆனால் கீல் பக்கம் வெடித்து, ஒரு மூலை முறுகி இருக்கிறது. நான் தட்டியது முன் பக்கத்தைத்தானே.

போன் எடுத்தேன். முதலில், "உங்கட பாஸுக்குப் பூட்டத் தெரியாது." வெல்டிங் படம் அனுப்பினேன். "லொறியில அடிபட்டிருக்கும்." லொறியில் அடிபட்டு ஹெட்லைட் ஓட்டை மூடுமா ஐயா? பிறகு, "பெயின்ட் அடிச்சா ஒண்டும் தெரியாது தம்பி, ஏன் குழம்புறீர்." பிறகு சாமான் தன்னுடையது இல்லையாம், ஓனர் வெளிநாட்டிலாம். கடைசியில் "பொனட் ஒரிஜினல்தானே" என்று ஒரு குரல் பதிவு, அதற்குப் பிறகு என் செய்திக்கு ஒரு டிக் மட்டும்தான் விழுகிறது. இணையத்தளக்காரர் அனுப்பிய பதில் இன்னும் விசேஷம்: தாங்கள் விளம்பரத்துக்கு இடம் மட்டும்தான் தருகிறார்களாம், கொடுக்கல் வாங்கல் எங்கள் இரண்டு பேருக்கும் இடையிலாம், கீழே "தங்கள் திருப்தியே எமது மகிழ்ச்சி". வங்கியில் கேட்டால் நீங்களே விரும்பிப் போட்ட காசு என்கிறார்கள். அதுவும் உண்மைதான், அதுதான் இன்னும் எரிகிறது. 185,000.

என்னென்ன பார்த்து வாங்கவேணும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்ப தலை ஓடவில்லை. காந்த வீடியோவை நம்பாதையுங்கோ, நேரடி வீடியோ கோலில் நீங்கள் காட்டச் சொல்கிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கோ. பிரைமர் அடித்த சாமான் வேண்டாம், அடித்திருந்தால் உள்பக்கப் படம் கேளுங்கோ. கட்டியிருக்கிற எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒரு சதமும் போடாதையுங்கோ, டிரைவர் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977, நான் இன்றைக்கு அடிக்கப் போகிறேன்.

அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது, அதே காந்த வீடியோ. இன்று காலை பார்த்தேன், விலையை 165,000 ஆகக் குறைத்திருக்கிறார்.

பாஸுக்கு மூன்று நாள் கூலி கொடுக்கவேணும், போய்விட்டு வருகிறேன். அந்த மனுசன் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்.