நம்பை 1.26இலேயே இருப்பதா, 2க்குப் போவதா?

எங்களிடம் ஒரு பழைய பைத்தான் நிரல் இருக்கிறது. எண் வரிசைகளைக் கணக்குப் பார்க்கும் நம்பை (NumPy) என்ற நூலகத்தை வைத்துத்தான் அது ஓடுகிறது. மழைமானி அளவுகளைக் கொடுத்தால், இரணைமடுக் குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும், வான் கதவு திறக்க வேண்டி வருமா என்று கணக்குப் பார்க்கும். படிப்புக்காகச் செய்த வேலைதான். எழுதிய தம்பி வெளிநாடு போய்விட்டார், நிரல் எங்கள் தலையில்.

2024 ஜூனில் வந்த நம்பை 2.0, 2006இல் வந்த 1.0க்குப் பிறகு முதல் பெரிய பதிப்பு. 1.26இல் பூட்டி வைத்தால் இன்றைக்கு எல்லாம் ஓடும். ஆனால் அது பைத்தான் 3.12 வரைக்கும்தான். புது மடிக்கணினியில் 3.13 இருந்தது. நூலகங்களை நிறுவும் பிப், 1.26இன் மூலநிரலை இறக்கிக் கட்டப் பார்த்தது, கம்பைலர் இல்லாமல் விழுந்தது. போன் டேட்டா போனதுதான் மிச்சம்.

2இல் சில கட்டளைகளின் பெயர்கள் மாறியது பெரிய விஷயமில்லை. நிரலைச் சரிபார்க்கும் ரஃப் (Ruff) கருவியின் என்பிஒய்201 (NPY201) விதி பெரும்பாலானவற்றைத் தானே திருத்திவிடும்.

பயப்பட வேண்டியது பிழை காட்டாமல் மாறும் எண்களுக்கு. தம்பி இடத்தை மிச்சம் பிடிக்க மழையை எட்டு பிட் எண்ணில் வைத்திருந்தார். (ஒரே நாளில் 255 மில்லிமீட்டரைத் தாண்டினால் என்ன செய்வார் என்று கேட்கக்கூடாது.) மொத்தம் பூச்சியத்தில் தொடங்கி, சுழற்சியில் ஒவ்வொரு நாளாகக் கூட்டுகிறது. 100, 120, 80 என்று மூன்று நாள் மழை. 1.26 சொன்னது 300. 2 சொன்னது 44! பழையது கூட்டும்போதே அகலமான எண்ணுக்கு மாறிக்கொள்ளும். புதியது எட்டு பிட்டிலேயே நிற்கும், 255 தாண்டியதும் திரும்பப் பூச்சியத்துக்குச் சுற்றிவிடும். ஒரு எச்சரிக்கை வரி வந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. நம்பையின் ஸம் (np.sum) கொண்டு கூட்டியிருந்தால் இரண்டிலும் 300தான்.

அதற்காக 2ஐக் குறை சொல்ல மாட்டேன். விண்டோஸில் 1.26இன் வழக்கமான முழு எண் 32 பிட்தான். 2,000 ஏக்கர் அடியை லீற்றராக்கினாலே 240 கோடியைத் தாண்டும், அதில் அடங்காது. 2இல் அது 64 பிட். குளக் கணக்குக்கு இதுதான் சரி.

ஜிபியுவில் வேகமாக ஓடும் ஜாக்ஸ் (JAX) என்ற இன்னொரு நூலகத்துக்கே போய்விடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதில் வரிசையின் ஒரு இடத்தை நேரடியாக மாற்ற முடியாது, தசம எண்ணும் இயல்பாக 32 பிட். ஜிபியு இல்லாத எங்களுக்கு எதற்கு?

என் முடிவு 2தான். இரண்டு பதிப்பையும் தனித்தனிச் சூழலில் வைத்து, பழைய மழைத் தரவை இரண்டிலும் ஓட்டி, எண்கள் ஒத்துப்போன பகுதியை மட்டும் மாற்றுகிறோம். ஆவியாதல் கணக்கு மட்டும் இன்னும் 1.26இல். அது சி மொழியில் எழுதி 1.x உடன் கட்டிய துண்டு, திரும்பக் கட்டாமல் 2இல் ஓடாது. மூலக்கோப்பு எங்களிடம் இல்லை. தம்பிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம், காலபோகத்துக்குள் (மாரிகால நெற்செய்கைக்குள்) பதில் வந்தால் நல்லது.