மாவி திமிங்கலப் படகுகள்: டிக்கெட்டுக்கு முன் ஆழத்தைக் கேளுங்கள்

ஹவாயின் மாவி தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஓடும் படகுகளில் எதில் ஏறினாலும் அநேகமாகத் திமிங்கலம் கண்ணில் படும். பிப்ரவரியில் கரையில் நின்றாலே படும். ஆகவே ‘பார்க்காவிட்டால் இன்னொரு பயணம் இலவசம்’ என்ற வாக்குறுதிக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. படகை எந்த ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள், போனபின் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதில்தான் கொடுத்த காசு செரிக்கும்.

கூன்முதுகுத் திமிங்கலங்கள் அலாஸ்காப் பக்கமிருந்து சுமார் 4,800 கி.மீ. நீந்தி இங்கே வருவது இணைசேரவும் குட்டி ஈனவும்தான். வந்த இடத்தில் அவற்றுக்கு இரை கிடையாது. மாவிக்கும் பக்கத்துத் தீவான லனாய்க்கும் நடுவிலுள்ள அவுஅவு நீரிணை அதற்கு வசதி: 200 மீட்டரைத் தாண்டாத ஆழம், மற்ற தீவுகளின் மறைவு. 1992-ல் அமைந்த திமிங்கலச் சரணாலயமும் பெரும்பாலும் 183 மீட்டர் ஆழக்கோட்டை ஒட்டியே வரையப்பட்டது.

அந்த ஆழத்துக்குள்ளும் எல்லாத் திமிங்கலமும் எங்கும் இருப்பதில்லை. குட்டியோடு இருக்கும் தாய் கரையோர ஆழமற்ற நீரை நாடும். துரத்தும் ஆண்களின் தொல்லை அங்கே குறைவு. பெண்ணுக்காக ஆண்கள் முட்டி மோதும் போட்டிக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆழம் கூடிய பகுதியில். கரையை ஒட்டியே சுற்றிவரும் படகில் குட்டி பார்க்கலாம், சண்டை பார்ப்பது அரிது. இரண்டு மணிநேரப் பயணத்தில் இரண்டுக்கும் நேரம் ஒதுக்குகிறார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

நல்ல படகோட்டியை அடையாளம் காணத் தாய்–குட்டி ஜோடிதான் பரீட்சை. குட்டி 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வரும். தாய் 10 நிமிடத்துக்கு மேலும் கீழேயே கிடக்கும். குட்டி ஒரே இடத்தில் வட்டமடித்தால் தாய் அதன் அடியில்தான். தெரிந்தவர் தள்ளி நின்று காத்திருப்பார். தெரியாதவர் ‘போய்விட்டது’ என்று படகைத் திருப்புவார், அடுத்த நிமிடம் பின்னால் தாய் எழும். சட்டப்படி 100 கஜத்துக்குள் (91 மீட்டர்) நெருங்கக் கூடாது. திமிங்கலம் போகும் பாதையில் முந்திப்போய் மறிப்பதும் குற்றம். அதுவாகவே பக்கத்தில் வந்தால் எஞ்சினை நியூட்ரலில் போட வேண்டும். 15 நாட் (மணிக்கு சுமார் 28 கி.மீ.) வேகத்துக்கு மேல் பறக்கும் படகைத் தவிர்த்துவிடுங்கள்: 1975–2011 காலத்தில் ஹவாயில் படகுகள் கூன்முதுகுத் திமிங்கலங்கள்மேல் மோதியதாகப் பதிவான 68 சம்பவங்களில் 63 சதவீதத்துக்கும் மேல் அடிபட்டவை குட்டிகளும் இளசுகளும்.

ஹைட்ரோஃபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) இருக்கிறது என்று பலகையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. எஞ்சினை முழுக்க அணைத்துப் படகை மிதக்கவிட்டால்தான் பாட்டு தெளிவாகக் கேட்கும், இல்லையேல் உறுமல்தான். பாடுவது ஆண் மட்டும். ஒரு பாட்டு 10–20 நிமிடம், அதையே மணிக்கணக்கில் திரும்பப் பாடும். ஐந்து நிமிடமாவது கேட்கவிடாத படகில் அந்தக் கருவி வெறும் அலங்காரம்.

2023 ஆகஸ்ட் தீயில் லஹைனா துறைமுகம் அழிந்தபின் சவாரிகள் பெருமளவு மாஅலாயேயாவுக்கு மாறின. அந்தத் துறைமுகம் காற்றுக்குப் பேர்போனது. முற்பகல் ஏற ஏற வணிகக் காற்று எழும்பி வெள்ளலை புரளும், திமிங்கலத்தின் ஊதுமூச்சு எது, அலை நுரை எது என்று பிரிக்க முடியாது. காலையின் முதல் பயணத்தையே எடுங்கள். ரப்பர் படகில் கண் நீர்மட்டத்தில் இருக்கும், வேகமும் உண்டு. ஆனால் குதிப்பு அதிகம், முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. எங்கள் ஓட்டு மேல்தளம் உள்ள கேட்டமரானுக்கே (இரட்டை உடல் படகு). உயரத்திலிருந்து பார்த்தால் நீருக்கடியில் தாயின் வெளிர்நிற நெஞ்சுத் துடுப்பு பச்சையாக மின்னுவது தெரியும், எழும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

டிக்கெட் விலை உறுத்தினால், மாஅலாயேயாவிலிருந்து லஹைனா போகும் சாலையில் பாபாவாய் முனை இருக்கிறது. வண்டி நிறுத்தக் கட்டணம் கிடையாது. பைனாகுலர் மட்டும் கொண்டுபோங்கள், காற்று எழுமுன்.