தவிட்டிலிருந்து நொதியம்: தட்டா, தொட்டியா?

கோதுமைத் தவிட்டில் அஸ்பேர்ஜிலஸ் நைகர் என்னும் பங்கசை வளர்த்து, கோழித் தீவனத்தில் சேர்க்கும், தானிய நாரைச் சிதைக்கும் சைலனேஸ் நொதியத்தைப் பெறுவதற்கு எம்முன் இரண்டு வழிகள் இருந்தன. ஈரத் தவிட்டைத் தட்டுக்களில் பரப்பி வளர்ப்பது ஒன்று; தவிட்டை நீரில் கலந்து, காற்றூதியும் துடுப்பும் பூட்டிய தொட்டியில் வளர்ப்பது மற்றையது. கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த சிறு கூடத்தில் நாங்கள் தட்டையே தெரிவுசெய்தோம். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

தொட்டியின் சிறப்பு யாவரும் அறிந்ததே. அமிலத்தன்மையும் வெப்பநிலையும் கைக்குள் நிற்கும். உலகச் சந்தைக்கு வரும் நொதியங்களிற் பெரும்பகுதி அவ்வாறே உற்பத்தியாகின்றது. தட்டு முறை பழையது. 1894இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற நொதியமும் தவிட்டில் வளர்த்த பங்கசிலிருந்து வந்ததுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மின்சாரம். 30 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் கரைந்து நிற்கும் ஒட்சிசன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்; ஒரு லீற்றர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் உண்டு. எனவே காற்றூதி நின்றால், தொட்டியில் அடர்ந்து வளர்ந்த பங்கசு கரைந்திருப்பதைச் சில நிமிடங்களிலேயே தீர்த்துவிட்டு மூச்சுத் திணறும். துகள்களுக்கிடையே காற்று தங்கும் தட்டுக்கு அந்த அவசரம் இல்லை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நகரத்தில், தொட்டி வாங்குபவர் மின்பிறப்பாக்கியையும் டீசலையும் சேர்த்தே விலை பார்க்க வேண்டும். (அந்த ஆண்டு டீசலுக்கு நின்ற வரிசையை எந்தக் கணக்கில் எழுதுவது?) கொழும்பின் ஈரக்காற்று தட்டுக்களை எளிதில் உலரவிடாதது மேலதிக இலாபம்.

தட்டின் தொல்லை வெப்பம். முதல் தடவை 6 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினோம். அறை 29 பாகையில் இருக்க, தவிட்டின் நடுவே வெப்பமானி 43 காட்டியது. மேலே வெண்பஞ்சாய்ப் படர்ந்திருந்ததைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே நசநசத்த புளித்த வாடை. 3 சென்ரிமீற்றராகக் குறைத்ததும் அது அடங்கியது; ஆனால் கழுவ வேண்டிய தட்டுக்கள் இரட்டிப்பாகின. கறுப்பு வித்திகள் தோன்றுமுன்பே அறுவடை செய்துவிட வேண்டும்; பிந்தினால் அந்தத் தூள் சுவாசத்துக்குக் கேடு.

விளைந்த தவிட்டைக் குறைந்த வெப்பத்தில் உலர்த்தி அரைத்து அப்படியே தீவனத்தில் கலக்கலாம் என்பதால், தொட்டிக்காரர் நீரை வடிகட்டிச் செறிவாக்கும் செலவு எமக்கில்லை. ஆயினும் இந்தப் பங்கசின் சில வகைகள் ஒக்ராடொக்சின் நஞ்சைச் சுரக்கக்கூடியவை ஆதலால், ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதனைக்கு அனுப்பாமல் விற்பது முறையன்று.

நாங்கள் ஒரு தடவையில் 20 கிலோவுக்கு மேல் வளர்த்ததில்லை. தொன் கணக்கில் உற்பத்தி செய்ய எண்ணுபவர்களும், தூய நொதியம் தேவைப்படுபவர்களும் எங்கள் பேச்சை மட்டும் நம்பித் தட்டு வாங்கிவிட வேண்டாம்.