சைக்கிள்பீட்ஸ் மணிமாலை: 12 வெள்ளை மணிகளும் வீட்டு வழக்கமும்

கையில் எடுத்தால் ஜெபமாலை என்றே நினைக்கத் தோன்றும். இது கருத்தரிப்பைத் தள்ளிப்போட நாள் எண்ணும் மாலை. 32 மணிகள், அவற்றின் மேல் நகர்த்த ஒரு கறுப்பு ரப்பர் வளையம், எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அம்புக்குறி போட்ட ஒரு சின்ன உருளை. அவ்வளவுதான். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, உடம்புக்குள் எதுவும் வைப்பதில்லை.

வாஷிங்டனில் இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. அந்த இடத்துக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு உண்டு. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல், செயற்கைக் கருத்தடையை மறுத்தது. கருத்தரிக்காத நாள் பார்த்துச் சேர்வதை ஏற்றது. நாள் பார்ப்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யும்படி இந்த மாலை எளிதாக்கியிருக்கிறது.

மாதவிலக்கு தொடங்கும் நாள் வளையத்தைச் சிவப்பு மணியில் போட வேண்டும். தினமும் காலையில் ஒரு மணி. சிவப்பை அடுத்து 6 பழுப்பு மணிகள். பிறகு 12 வெள்ளை மணிகள். அதாவது 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை, கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள். கருமுட்டை ஏறக்குறைய ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு 5 நாள் வரை தாங்கும். முட்டை வெளிவரும் நாளும் மாதத்துக்கு மாதம் முன்னே பின்னே ஆகும். அதனால்தான் 12 நாள். மீதி 13 மணிகளும் பழுப்பு. அடுத்த மாதவிலக்கு வந்ததும், மிச்ச மணிகளை விட்டுவிட்டு வளையம் நேராகச் சிவப்புக்குப் போக வேண்டும்.

27-ஆம் மணி மட்டும் அடர்பழுப்பு. வளையம் அங்கே வர வேண்டிய நாளுக்கு முன்பே மாதவிலக்கு வந்தால் சுழற்சி 26 நாளுக்கும் குறைவு. கடைசி மணி தாண்டி மறுநாளும் வரவில்லை என்றால் 32-ஐத் தாண்டிவிட்டது. ஒரே வருடத்தில் இப்படி இரண்டு முறை நடந்தால் இந்த மாலை அந்தப் பெண்ணுக்கு உதவாது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்து தேதி தள்ளிப் போகிறவர்களும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டு இன்னும் சுழற்சி சீராகாதவர்களும், கருத்தடை மாத்திரையையோ ஊசியையோ இப்போதுதான் நிறுத்தியவர்களும் இதை நம்பி இறங்க வேண்டாம். பால்வினை நோயிலிருந்தும் இது காக்காது.

பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் நாடுகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வின்படி, சரியாகப் பின்பற்றினால் ஓராண்டில் 100 பேரில் 5 பேர் அளவுக்குக் கருத்தரிக்கிறார்கள். நடைமுறையில் தவறுகிறவர்களையும் சேர்த்தால் 12 பேர்.

தவறு எங்கே வருகிறது என்றால், வீட்டு வழக்கத்தில். வீட்டுக்குத் தூரமான நாட்களை 7 என்று கணக்கு வைக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7 நாள் விலகல் முடியும்போதே வெள்ளை மணி தொடங்கிவிடுகிறது. ஆக 28 நாள் சுழற்சியில் மிஞ்சுவது 20 முதல் 28 வரை, 9 நாள்தான். 26 நாள் சுழற்சி என்றால் 7 நாள். இதை வாங்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட வேண்டும். எண்ணாமல் தொடங்கிய வீடுகளில் 17, 18-ஆம் நாளில் பொறுமை போய்விடும். யூத மரபில் இது இன்னும் கடுமை. இரத்தப்போக்கு நின்று 7 சுத்த நாட்கள் கழித்து, நீராடிய பிறகே தம்பதியர் சேரலாம். அது பெரும்பாலும் வெள்ளை மணிகளின் நடுவில் வந்து நிற்கும்.

சபரிமலை விரதத்தில் வேறொரு சிக்கல். கணவர் 41 நாள் விரதத்தில் இருக்கும்போது 'இப்போது தேவையில்லையே' என்று வளையத்தை நகர்த்தாமல் விட்டுவிடுகிறார்கள். அவர் விரத மாலையைக் கழற்றும் நாள் எந்த மணி என்று யாருக்கும் தெரியாது. ஆடிக்குத் தாய்வீடு போகும் புதுப்பெண்ணுக்கும் இதே எச்சரிக்கைதான்: மணிமாலையைக் கையோடு கொண்டு போங்கள், எண்ணிக்கை நிற்கக் கூடாது.

வெள்ளை நாட்களில் என்ன செய்வது என்பதும் மரபைப் பொறுத்தது. கத்தோலிக்கப் போதனைப்படி விலகியிருப்பது ஒன்றே வழி. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர், மனைவியின் சம்மதத்தோடு விந்து வெளியேறும் முன் விலகுவதை அனுமதித்திருக்கிறார்கள். அதை வைத்து ஆணுறைக்கும் இடம் உண்டு என்பார்கள். இந்துக் குடும்பங்களில் ஆணுறைக்குப் பொதுவான தடை எதுவும் இல்லை.

எனக்கு இந்த மாலையில் பிடித்தது இதுதான்: 'இன்று வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத மனைவிக்குப் பதில் வளையம் பேசும். வெள்ளை மணிகள் இருட்டிலும் மங்கலாக ஒளிரும். ஆனால் 'புருஷன் கேட்டால் மறுக்கக் கூடாது' என்பதைச் சாமி சொன்ன வார்த்தையாக வைத்திருக்கும் வீட்டில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே காப்பர்-டி போன்ற, கணவர் சம்மதத்தை எதிர்பார்க்காத முறைதான் அந்தப் பெண்ணைக் காக்கும். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, விலகியிருப்பது இருவரும் ஒத்துக்கொண்டால்தான் என்கிறார்.

எங்கே மாட்டுவது? மாதவிலக்கு சம்பந்தப்பட்டது என்று பூஜை அலமாரிப் பக்கம் விட மாட்டார்கள். பீரோ கதவின் உட்புறம் நல்ல இடம். குழந்தைகள் கைக்கும் எட்டாது. வளையம் சிவப்பு மணிக்கு வந்த தேதியை மாதக் காலண்டரில் வட்டமிடுங்கள். தினமும் தாள் கிழிக்கும் காலண்டரில் குறித்தால் மறுநாள் தாளோடு குறியும் போய்விடும். வளையம் நகர்த்தினோமா என்று சந்தேகம் வந்தால் அந்த வட்டத்திலிருந்து எண்ணிச் சரிபார்க்கலாம்.

பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கும் இதே மாலை உதவும். பூப்புக்கு (மாதவிலக்குக்கு)ப் பிந்தைய 12 நாளும் தலைவன் தலைவியை நீங்கி இருக்கக் கூடாது, பரத்தையிடம் பிரிந்த காலத்திலும்கூட என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்கிறது. வெள்ளை மணிகளும் 12. அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். 7 நாள் விலகும் வீட்டுக்கும் இதில் முட்டுக்கட்டை இல்லை. ஒரு வருடம் ஆகியும் தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போங்கள். வட்டமிட்ட காலண்டரையும் எடுத்துப் போங்கள்.